தோலுக்கு ஓடும் ஜெனரேட்டர்

மழைக்கு முன்னால் உங்கள் ஊரில் மண்வாசனை வருமா? எங்கள் ஆம்பூரில் தோல் வாசனை வரும். காற்று ஈரமானதும் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த அந்த நெடி தெருவுக்குள் இறங்கி, சமையலறை வரை வந்து உட்கார்ந்துகொள்ளும். போன வாரம் அது மூக்கில் ஏறியதுமே பழைய புயல் ஒன்று ஞாபகம் வந்தது. பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடிய பாலாறு, மெழுகுவத்தி தீர்ந்த வீடுகள், செத்துக் கிடந்த செல்போன்கள்...

கடலுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? அலையைக்கூட டிவியில்தான் பார்க்கிறோம். ஆனால் புயல் கரையோடு நின்றுவிடுவதில்லையே! அங்கே ஆடி முடித்து, களைத்து, மிச்சத் தண்ணீரை எல்லாம் எங்கள் தலையில் கொட்டிவிட்டுப் போகும். வருஷம் முழுக்க மணலாய்க் கிடக்கும் ஆறு, அன்றைக்குத்தான் தன் பழைய அகலத்தைத் திருப்பிக் கேட்டு வரும்.

அந்தப் புயல் அன்று மதியம் மைக் கட்டிய ஆட்டோ வந்தது. ஆற்றோரம் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். காற்று வேகம் பிடித்ததும் கரன்ட் நிறுத்தப்படும். எப்போது வரும்? சொல்ல முடியாது.

தெருவே அரிசியையும் துணியையும் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு எஸ்தரக்கா மட்டும் வாசலில் அசையாமல் நின்றார்.

அவர் கணவர் தேவராஜ் மேஸ்திரி, ஆயுசில் பாதியை டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், டிரம்முக்குப் பக்கத்தில் கழித்தவர். டிரம் என்றால் ஓர் அறை அளவுக்கு மரப் பீப்பாய். உள்ளே தோலும் மருந்தும் சுற்றிக்கொண்டே இருக்கும். இப்போது அவர் நுரையீரல் ஓய்ந்துவிட்டது. கட்டில் ஓரம் ஆக்ஸிஜன் மெஷின், மூக்கில் குழாய். மெஷின் ஓடுவது கரன்ட்டில். இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாங்கும். அப்புறம்?

அக்கா எல்லாரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டார். சிலிண்டர்காரர் வேலூரிலிருந்து வண்டி வராது என்றாராம். ஆஸ்பத்திரியில் பெட் இல்லையாம். பள்ளிக்கூடத்தில் ஜெனரேட்டர் கிடையாது.

"டேனரிக்கே கூட்டினு போய்டலாமா தம்பி?" என்றார் என்னிடம்.

தோல் உள்ளே இருக்கும்போது டிரம் நிற்கக் கூடாது. நின்றால் லோடு முழுக்கத் திட்டுத்திட்டாகிப் பாழ். அதனால் ஊரே இருண்டாலும் அங்கே ஜெனரேட்டர் ஓடும். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். அதில் ஒரு மனிதனையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அக்காவுக்குத்தான் தோன்றியது.

மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எங்கேந்து வந்துச்சு இந்த சீக்கு? அங்கியே போயி படுக்கச் சொல்றியா?"

"மூச்சு நின்னா எங்க போயி படுப்ப?" அக்கா குழாயைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

மேஸ்திரி கட்டிலுக்கடியில் செருப்பைக் காலால் தேடினார்.

மிச்சமிருந்த சின்ன சிலிண்டரின் தயவில் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தோம். அங்கே மேனேஜர் பாய், மேஸ்திரிக்குப் பழைய தோஸ்த். ஒரு கேள்வி கேட்கவில்லை. தன் அறையில் குவிந்திருந்த சாம்பிள் தோல்களை அள்ளி ஒதுக்கினார், பெஞ்சு போட்டார், மெஷினை அவரே சொருகினார். சுவருக்கு அந்தப் பக்கம் டிரம் தொம்... தொம்... என்று புரண்டுகொண்டிருந்தது. "நல்லா இளைச்சிட்ட மேஸ்திரி. டிரம்மோட சின்னக் கதவுல நீயே பூந்து வரலாம்" என்றார் பாய். மேஸ்திரி சிரிக்கப் போய் இருமினார்.

பிறகு பாய் என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். டீசல் கம்மி, ரோடு மூடினால் புதிதாக வராது. டிரம்மிலிருந்து லோடு இறங்கியதும் ஜெனரேட்டரை அணைத்துவிட முதலாளி உத்தரவாம். நாளை சாயங்காலம் இறங்கிவிடும்.

"அதுக்கப்புறம் என் கையில இல்ல சார்."

உயிர் போன தோலுக்காக ஓடுகிற ஜெனரேட்டர், உயிரோடு இருக்கிறவருக்காக ஓடாது. யாரைத் திட்டுவது? பாயையா, டீசலையா, புயலையா? நம் ஊர்களில் எல்லா ஏற்பாடும் சரக்குக்குத்தான். மனுஷன் அதில் ஓசியில் தொற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

மேஸ்திரியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அத்தனை வருஷம் அங்கே நின்றவருக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்ன?

மழை வலுத்தது. கிளம்பினேன். வேறு ஏதாவது வேண்டுமா என்று குனிந்து கேட்டேன். அவர் ஒவ்வொரு வார்த்தையாக மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்:

"போறப்போ... பாயாண்ட ஒண்ணு கேட்டுட்டுப் போ தம்பி. அடுத்த லோடு... எப்ப போடுவாரு?"