டாக்டர் ஃப்ரிட்ஜில் கோழி மருந்து

1. ஏழு இருபது

திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்கு அந்தக் கிளினிக்குக்குள் நுழைந்தேன். முதலில் கண்ணில் பட்டது திறந்து கிடந்த ஃப்ரிட்ஜ். அதன் முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் குந்தியிருந்தார். ஃப்ரீசரிலிருந்து ஐஸ் பேக்குகளை உருவி உருவித் தெர்மாகோல் பெட்டிக்குள் அடுக்கினார். பிறகு நடுத்தட்டில் கையை விட்டு இரண்டு அட்டை டப்பாக்களை எடுத்தார். டப்பாவின் மேல் சேவல் படம் இருந்தது.

"சிஸ்டருங்களா? கொஞ்சம் நவுருங்க. ஐஸு உருகிப் போச்சுன்னா மருந்து அம்புட்டும் வீணு."

அவர் பெயர் செங்கோட்டுவேல். பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார், டாக்டருக்குப் பங்காளி. டப்பாவில் இருந்தது கோழிகளுக்கான வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து. பண்ணையில் கரண்ட் நிற்பதில்லை. வீட்டு ஃப்ரிட்ஜில் கோழி மருந்தை வைக்க அவர் மனைவி சம்மதிக்கவில்லை. கிளினிக் ஃப்ரிட்ஜுக்கு இன்வெர்ட்டர் உண்டு. அதனால் மருந்து இங்கே வருகிறது. முந்தின நாள் சாயங்காலம் கொண்டுவந்து வைப்பார், விடிந்ததும் எடுத்துப் போவார். ஐஸ் பேக் கல்லாக உறைய வேண்டுமென்பதற்காகக் குளிர்க் குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருப்பிவிட்டுப் போவார்.

"ஏழுல வெச்சிருக்கறேனுங்க. மறுபடி கம்மி பண்ணச் சொல்லி அந்தப் புள்ளகிட்ட ஞாபகப்படுத்திருங்க," என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மொபெட்டில் கட்டிக்கொண்டு போனார்.

அந்தப் புள்ள என்பது ஊசி போடும் திவ்யா. அவள் எட்டு மணிக்கு வந்தாள். குமிழ் மறுநாள் வரை ஏழிலேயே இருந்த நாட்களும் உண்டென்று அவளே சொன்னாள்.

நான் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். கடைசி வருடங்களில் அங்கே தரப் பிரிவைப் பார்த்தேன். ஓய்வு பெற்ற பின் நாமக்கல்லில் வீடு. சின்னக் கிளினிக்குகள் தரச் சான்று வாங்க விரும்பினால் போய் ஒழுங்குபடுத்திக் கொடுப்பேன். ஜேடர்பாளையம் போகிற வழியில் இருந்த இந்தக் கிளினிக்குக்கும் அதற்காகத்தான் வந்திருந்தேன். வாரத்தில் திங்கள், வியாழன் இரண்டு நாள்.

சுவரைப் பார்த்தால் சான்று ஏற்கெனவே வந்துவிட்டது போலத்தான் இருந்தது. கைகழுவும் முறை படமாக ஒட்டியிருந்தது. கழிவுக்கு நிறவாரியாகத் தொட்டிகள் இருந்தன. ஊசி வெட்டும் கருவி பளபளத்தது. நோயாளியின் உரிமைகள் என்று சட்டம் போட்ட பலகை ஒன்றும் தொங்கியது.

2. நாக்கைக் கட்டாதவள்

எட்டு மணிக்கு மேல் கோகிலா வந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து நின்றது. அதற்கு முன் ஒன்று கலைந்திருந்தது. கர்ப்பத்தில் சர்க்கரை வந்ததால் நாமக்கல்லில் பிரசவம் பார்க்கும் டாக்டரம்மா இன்சுலின் எழுதியிருந்தார். சர்க்கரை அடங்காவிட்டால் குழந்தை வயிற்றுக்குள்ளேயே போய்விடலாம் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். கோகிலா வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. "இங்கயே வெச்சுக்க அம்மிணி, தெனம் வந்து போட்டுக்க" என்று டாக்டர் இடம் கொடுத்திருந்தார். நல்ல மனசுதான். பாட்டிலில் அவள் பெயர் எழுதிய பிளாஸ்திரி இருந்தது. கோழி மருந்தோடு கலந்துவிடக் கூடாது என்று அதை மேல்தட்டில், ஃப்ரீசருக்கு அடியில், பின்சுவரை ஒட்டித் தள்ளி வைத்திருந்தார்கள்.

டாக்டருக்கு அறுபது வயதிருக்கும். சுத்துப்பட்டில் அவர் மேல் ஒரு குறை சொல்ல ஆள் கிடையாது.

"கோகிலா, இரநூத்தி எம்பது. எத்தன தடவ சொல்றது? நேத்து என்ன தின்ன?"

"ரண்டு இட்லிதானுங் சார். வேற ஒண்ணுமில்லீங்."

கூட வந்திருந்த மாமியார் பாப்பாயி முன்னால் வந்தார். "பொய்யிங்க சாமி. எம் மவன் வெல்ல ஆலையில வேல செய்யறான். ஊட்டுல வெல்லம் கொறையாமக் கெடக்குது. இவ நக்காம இருப்பாளா? நாக்கக் கட்டத் தெரியாதவளுக்குப் புள்ள எதுக்குங்க?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர், "பொறக்கறதுக்கு அச்சுவெல்லம்னு பேரு வெச்சுப் போடுங்க," என்றார். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். கோகிலா தரையைப் பார்த்தாள்.

இன்சுலின் எட்டு யூனிட்டில் தொடங்கியது. அன்று அதை இருபத்தாறு ஆக்கினார் டாக்டர். போட்ட மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்ற கேள்வி அந்த அறையில் எழவே இல்லை. வேலையைக் காட்டுவது அவள் நாக்கு என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது.

3. திரிந்த பால்

கூட்டம் கலைந்த பிறகு டாக்டரிடம் பேசினேன்.

"சார், இந்த ஃப்ரிட்ஜுல மனுஷ மருந்து மட்டும்தான் இருக்கணும்."

"தெரியுமுங்க சிஸ்டர். ஆனா செங்கோட்டுவேலு எம் பங்காளி. எங்கூட்டு நல்லது கெட்டதுக்கு மொத ஆளா வந்து நிக்கறவரு. ரண்டு டப்பா வெச்சுக்கறேங்கறாரு. வேண்டாம்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

"குமிழையாவது தொடாம இருக்கச் சொல்லுங்க."

"பாத்துக்கலாமுங்க."

குளிர் அதிகபட்சம் எதுவரை போனது என்று நினைவில் வைத்துக்கொள்ளும் தெர்மாமீட்டர் ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். அதை மேல்தட்டில் கோகிலாவின் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை எடுத்துப் பார்த்தேன். பூஜ்யத்துக்குக் கீழே மூன்று டிகிரி வரை இறங்கியிருந்தது. இன்சுலின் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. பாட்டிலை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டினேன். கலந்து ஒரே சீராக வெளுக்க வேண்டிய மருந்து திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாகப் பிரிந்து நின்றது. கண்ணாடியில் வெள்ளைத் துகள் ஒட்டியிருந்தது.

டாக்டர் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நான் சொல்வதற்கு முன்பே அவர் சொன்னார்: "ஒறைஞ்சு கரைஞ்சிருக்குது."

ஒரு தடவை உறைந்த இன்சுலினைப் போடக் கூடாது. அதில் எவ்வளவு வீரியம் மிச்சமிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அவருக்கு இது தெரியாமல் இல்லை. டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது. தெரிந்த ஒன்றைப் பங்காளியின் முகத்துக்காக ஒதுக்கி வைத்துவிட்டு, அதன் பலனுக்கு ஒரு கர்ப்பிணியைப் பத்துப் பேர் முன்னால் திருடியாக்கியிருக்கிறார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. குரலை உயர்த்தாமல் பேசினேன்.

"சார், புது பாட்டில் போடணும். ஆனா இந்த இருபத்தாறு செத்த மருந்துக்கு ஏத்துன அளவு. நல்ல மருந்துல அதைப் போட்டா சர்க்கரை அடியோட இறங்கிடும். டாக்டரம்மாவுக்கு இன்னைக்கே போன் பண்ணி, நடந்ததைச் சொல்லி, புதுசா அளவு கேளுங்க. கோகிலா வீட்டிலயும் சொல்லிடுங்க."

"ஊட்டுலயுமா?"

"அவங்க கிட்டத்தான் மொதல்ல."

அவர் பாட்டிலை மேசையில் வைத்தார். "நாம் பேசிக்கறேன் சிஸ்டர். நீங்க பஸ்ஸுக்குக் கெளம்புங்க. இந்த ஊருல ஒரு சொல்லு வெளிய போச்சுன்னா திலும்பி வராதுங்க."

அவர் சொன்ன அந்தச் சொல் அவரைப் பற்றியது. கோகிலாவைப் பற்றிய சொல் ஏற்கெனவே ஊர் முழுக்கப் போய்விட்டிருந்தது.

4. கையும் களவுமாக

அடுத்த திங்கட்கிழமை பெஞ்சு நிறைந்திருந்த நேரத்தில் பாப்பாயி மருமகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"புடிச்சுப் போட்டேன் சாமி! கையும் களவுமாப் புடிச்சுப் போட்டேன்! சனிக்கெழம ஆலைக்குப் போறேன், எம் மவன் இவள மடியில சாச்சு வெச்சுக்கிட்டு வெல்லத்த ஊட்டறானுங்க. வாயெல்லாம் வெல்லம். எம் முன்னாலயே முழுங்கறா! புருசனும் கூட்டுக் களவாணி!"

கோகிலா அழவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "அவருக்குச் சோறு கொண்டுக்கிட்டுப் போனேனுங்க. நடக்கறப்பவே வேர்த்துக் கொட்டுச்சு. கையி நடுங்குச்சு. ஆலைகிட்டப் போனதும் கண்ணு இருட்டி உழுந்துட்டேன். அவரு பயந்து போயி கைக்குக் கெடச்சத வாயில வெச்சாருங்க. கொஞ்ச நேரத்துல தெளிஞ்சுது."

"காலையில என்ன சாப்பிட்டே?" என்று கேட்டேன்.

"அரை டம்ளர் மோருங்க. சக்கர ஏறுதுன்னு அத்த இட்லிய நிறுத்திட்டாங்க."

"ஊசி எத்தனை யூனிட்?"

திவ்யாதான் பதில் சொன்னாள். "இருபதுங்க சிஸ்டர். புது பாட்டிலு. சாரு இருபத்தாறுல இருந்து கொறைச்சாருங்க."

டாக்டர் நாமக்கல்லுக்குப் போன் செய்யவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. எட்டுக்கோ பத்துக்கோ இறக்கினால் ஏன் என்று கேட்பார்கள். இருபது என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். தன் பெயருக்குச் சேதமில்லாத ஓர் அளவாகப் பார்த்து எடுத்திருக்கிறார். அந்த நேரத்தில் கணவன் கையில் வெல்லம் இல்லாமலிருந்தால் தாயும் குழந்தையும் அந்த ஆலை வாசலிலேயே முடிந்திருப்பார்கள்.

நான் டாக்டரைப் பார்த்தேன். பேச வேண்டியவர் அவர். பெஞ்சில் இருந்தவர்களும் அவரைத்தான் பார்த்தார்கள். அவர் கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைச் சரிசெய்துகொண்டு, "செரி, செரி. இனிமே வெல்லம் வேண்டாம். பாத்துக்கலாம்," என்றார்.

எத்தனையோ மருத்துவமனைகளில் எத்தனையோ தவறுகளைப் பார்த்திருக்கிறேன். பாட்டில் உறைவது தவறு. தவறு யாருக்கும் நேரும். அந்த 'இனிமே வெல்லம் வேண்டாம்' தவறு இல்லை. அது அநியாயம்.

நானே சொன்னேன். ஃப்ரிட்ஜில் கோழி மருந்தையும் ஐஸ் பேக்கையும் வைத்ததில் இன்சுலின் உறைந்து கெட்டது, வாரக்கணக்கில் கெட்ட மருந்தே உடம்புக்குள் போனது, சர்க்கரை ஏறியதற்கு அதுதான் காரணம், சனிக்கிழமை அவளைக் காப்பாற்றியது வெல்லம், அவள் எதையும் திருடித் தின்னவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

பாப்பாயி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க நேத்து வந்தவீங்க. டாக்டரு சாமி எம் மவன அவன் கைக்கொழந்தையா இருந்தப்பிருந்து பாக்கறாரு. அவரு குடுக்கற மருந்து கெட்டுப் போவுமா? கெட்டுப் போனது இவ நாக்குங்க." பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சாமி. மருந்தா கெட்டுச்சு?"

டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொன்னார்.

நான் வாசலுக்கு வந்து டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை வைதார். அதை இங்கே எழுத முடியாது. "உடனே ஏத்தி அனுப்புங்க, ஊசி போட வேண்டாம்," என்றார். கணவனை ஆலையிலிருந்து வரவழைத்து, கோகிலாவை நாமக்கல் பஸ்ஸில் நானே கூட்டிப் போனேன். அங்கே சேர்த்துக்கொண்டு எட்டு யூனிட்டிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டாள். பத்து யூனிட்டில் சர்க்கரை அடங்கி நின்றது.

5. அதற்குப் பிறகு

இளைய நர்ஸ்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மருந்து பலிக்கவில்லை என்றால் முதலில் பாட்டிலைப் பாருங்கள், ஃப்ரிட்ஜைப் பாருங்கள், போட்ட கையைப் பாருங்கள். நோயாளியின் வாயைக் கடைசியில் பாருங்கள். ஏழை நோயாளி என்றால் கடைசிக்கும் கடைசியில். நாம் குற்றம் சொன்னால் அவர்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள். வீட்டுக்குப் போன பிறகும் நாம் சொன்னது அவர்களை விடாது. தொட்டிக்குச் சரியான நிறம் பூசுவது தரம் இல்லை. சொந்தக்காரரிடம் "உங்க டப்பாவை எடுத்துட்டுப் போங்க" என்று சொல்ல வாய் வர வேண்டும். அந்த வாய் வராதவர் ஃப்ரிட்ஜில் மருந்து வைக்கக் கூடாது.

அந்தக் கிளினிக்கின் சான்று வேலையை நான் தொடரவில்லை. கணக்கை முடித்துக்கொள்ளப் போனபோது ஃப்ரிட்ஜில் சேவல் டப்பா இல்லை. செங்கோட்டுவேல் கோபித்துக்கொண்டு மருந்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டாராம். டாக்டர் வீட்டு விசேஷத்துக்கும் வரவில்லையாம்.

"ஒரு ஒறவே போச்சுங்க சிஸ்டர்," என்றார் டாக்டர். அவர் கண் கலங்கியிருந்தது. கோகிலாவைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை.

கோகிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு தேறியது. போன மாதம் நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரையும் பார்த்தேன். குழந்தை நிற்கப் பழகியிருந்தது, என் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே இருந்தது. பிரசவத்தோடு கோகிலாவுக்குச் சர்க்கரை போய்விட்டது. இப்போது மாத்திரைகூட இல்லை.

வீட்டில் எப்படி என்று கேட்டேன். எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது என்றாள். வெல்ல டப்பாவை மட்டும் மாமியார் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறார்.