மீன் முத்திரைக் கத்தி

என் மகன் கொய்யா நறுக்க மடக்குக்கத்தியை விரித்தான். ‘டக்’ என்ற ஓசை வரவில்லை.

வில்லியனூரில் அப்பா மடக்குக்கத்தி செய்தார். பிடிக்குள் ரம்பத் தகட்டில் வெட்டிய வில் இருக்கும். அலகை விரித்ததும் அது டக்கென்று பிடித்துக்கொள்ளும். அலகில் மீன் முத்திரை. உலகச் சண்டைக் காலத்தில் பாகூர்க் கொல்லர் ஒருவர் அதே பிடி, அதே மீனோடு பாதி விலைக்கு விற்க ஆரம்பித்தார். அப்பாவும் விலையைக் குறைத்தார். ரம்பத் தகடு போய்ச் சாராயப் பீப்பாயின் இரும்புப் பட்டை வந்தது. ஓசையும் போயிற்று. பிறகு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே அப்பாவின் சுத்தியல் நின்றுவிடும்.

ஒருநாள் உறுவையாற்று விவசாயி ஒருவர் விரலில் துணிக்கட்டோடு வந்தார். கரும்பு சீவும்போது கத்தி மடங்கிவிட்டதாம்.

“சந்தையில வாங்குனது ஆச்சாரி. பாகூரான் உன் மீனப் போட்டு ஏமாத்திட்டாம்பா. உன் கையால நெசமானது ஒன்னு குடு.”

அப்பா கத்தியைத் திருப்பிப் பார்த்தார். அந்தக் கொம்புப் பிடியை இழைத்தவள் அம்மா. ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா பக்கத்துக் குவியலிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். அதுவும் பீப்பாய்ப் பட்டைதான்.

“பாத்து புடிங்க” என்றார். விவசாயி அதை மடியில் செருகிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை அப்பா நின்றுகொண்டே இருந்தார்.

“இன்னாம்மா, பழத்தப் பாக்காம என் வெரலையே பாக்கற?” என்றான் மகன்.