எந்த வெல்லிங்டன்?

ப்ரீசர் பாக்ஸ் தொழிலுக்கு வர்றவங்களுக்குச் சொல்றேன். துக்க வீட்டுல பெட்டியை எறக்கினதும் நாம கேக்குற முதல் கேள்வி, "எப்ப எடுக்குறீங்க?" அதுக்கு வர்ற பதிலை அப்படியே நம்பிராதீங்க. செம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டுல நான் பட்ட பாடு போதும்.

அன்னைக்கு விடியக்காலம் +64-னு ஆரம்பிக்குற நம்பர்ல இருந்து போன். துபாய்க்கு 971, சிங்கப்பூருக்கு 65, எல்லாம் நமக்கு அத்துபடி. இது என்ன 64? ஏமாத்துக்காரன்னு கட் பண்ணப் போனவன், என்னமோ எடுத்துட்டேன்.

"அண்ணே, அப்பாவுக்குப் போன் போட்டேன், பக்கத்து வீட்டுக்காரரு எடுத்து அப்பா தவறிட்டாருங்குறாரு. பெட்டி கொண்டு போய் வைங்க. நான் வந்து மொகத்தப் பாக்கணும்ணே."

அழுகைக்கு நடுவுல ஊரைச் சொல்லிட்டு வச்சுட்டான்.

அங்க எல்லாத்தையும் முன்ன நின்னு பாத்தது பையனோட சித்தப்பா. வரப்புத் தகராறுல அண்ணன்கூட வருசக்கணக்காப் பேச்சுவார்த்தை கெடையாது. "மகன் குன்னூர் பக்கத்துல வெல்லிங்டன்ல இருக்கான். அங்க இருந்து வர எம்புட்டு நேரம்? பொழுது சாயுமுன்ன எடுத்துருவோம்"னாரு.

பொழுதும் சாஞ்சுச்சு. மகனைக் காணோம். போனும் சுவிட்ச் ஆஃப்.

"பெத்த அப்பன் கெடக்கான், மலையில இருந்து எறங்கத் தொரைக்கு வலிக்குதாக்கும்! நானே கொள்ளி வைக்கிறேன். டிரைவரே, பெட்டியத் தெறங்க"ன்னு குதிச்சாரு சித்தப்பா.

குன்னூர்க்காரனுக்கு எதுக்கு 64? ஒதுங்கி நின்னு போன்ல தேடினேன். நியூசிலாந்து! அந்த நாட்டுத் தலைநகரத்துக்கும் வெல்லிங்டன்னுதான் பேரு. நெப்போலியனத் தோக்கடிச்ச வெள்ளைக்காரத் தளபதி பேராம். நம்ம குன்னூர் மலையில இருக்குற ஊருக்கும் அதே ஆளு பேருதான். யோவ், ஒரு ஊருக்கு வச்சது பத்தாதா?

"அண்ணே, அவரு குன்னூர்ல இல்ல. பூமிக்குத் தெக்குக் கோடியில இருக்காரு. பிளேன்ல வர்றாரு, அதான் போன் ஆஃப்."

"எங்கண்ணன் ஊர்பூராம் வெல்லிங்டன்னுதானய்யா சொன்னாரு?"

"எரிச்சப்புறம் அவரு வந்து நின்னா சாம்பலையா காட்டுவீங்க?"ன்னு கத்திப்புட்டேன். மனுசன் அப்படியே சேர்ல உக்காந்துட்டாரு.

அந்த நேரம் பாத்துக் கரண்ட் போச்சு. பெட்டி டிஸ்ப்ளேல டிகிரி ஏற ஏற எனக்கு உசுரு போய்ப் போய் வந்துச்சு. பொம்பளைங்க மாலை போட மூடியத் தெறக்க வர்றாங்க. "தெறக்காதீங்க, கூலிங் போயிரும்!"னு பெட்டிமேலயே கைய வச்சு நின்னேன். செம்பட்டிக்கு ஓடி, லோடு ஆட்டோவுல ஜெனரேட்டர் ஏத்திக்கிட்டு வந்தது அந்தச் சித்தப்பாதான். வழி நெடுக பின்னால உக்காந்து அதைப் புடிச்சுக்கிட்டே வந்திருக்காரு.

மறுநாள் மத்தியானம், வேகாத வெயில்ல, கம்பளிச் சட்டையோட மகன் வந்து எறங்கினான். மூடியத் தெறந்தேன். பெரியவர் மொகம் தூங்குற மாதிரியே இருந்துச்சு. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

அழுது ஓஞ்சதும் சித்தப்பா கேட்டாரு, "ஏலே, அம்புட்டுத் தொலைவுன்னு ஒங்கப்பன் ஒருத்தர்கிட்டயும் சொல்லலையேடா?"

"நானும் கேட்டேன் சித்தப்பா. 'நியூசிலாந்துன்னா நீ போயிட்ட மாதிரி இருக்கு. வெல்லிங்டன்னா கூப்புட்டா வந்துருவங்குற மாதிரி இருக்குடா'ன்னாரு."

இப்பல்லாம் பெட்டியை எறக்கினதும் நான் கேக்குறது, "யாரு வரணும், எந்த நாட்டுல இருந்து?" பக்கத்துல வத்தலக்குண்டுன்னு சொன்னாலும் கேப்பேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கட்டும்.