பாதி இருண்ட படங்கள்

பன்னிரண்டு வருடமாகப் படமெடுப்பவள் அக்கா. போன வருடம் தொழிலுக்கு வந்தவள் தங்கை. நீச்சல் போட்டிக்கு இருவரும் போனார்கள். உச்சி வெயிலில் முகங்களில் நிழல் விழாமலிருக்க பிளாஷ் போட்டு, தெறிக்கும் நீர் உறைந்து தெரிய ஷட்டர் வேகத்தைக் கூட்டினார்கள். அக்காவின் பெரிய கேமராவில் படங்கள் பாதி இருண்டு விழுந்தன. தங்கையின் சின்னக் கேமராவில் நீர்த்துளிகூடப் பளிச்சென்று தெரிந்தது. அக்காவுக்கு வயிறு எரிந்தது.

“உனக்கு மட்டும் எப்படிடி?”

“இதுல ஷட்டர் லென்ஸுக்குள்ளயே இருக்குக்கா, எவ்வளவு வேகத்துலயும் முழுசா திறந்துடும். உன்னதுல வேகம் கூடினா ஷட்டர் திரை முழுசா திறக்கறதில்ல, பிளாஷ் பாதிப் படத்துலதான் விழுது. பிளாஷ்ல அதிவேக மோடு இருக்கே, அதப் போடு.”

போட்டாள். இருட்டு போனது, ஆனால் பிளாஷின் வெளிச்சம் குறைந்து தூரத்துக்கு எட்டவில்லை. குளத்தின் விளிம்புக்கே போய், தொப்பலாக நனைந்து எடுத்தாள்.

நீச்சல் சங்கத்தின் சுவரில் மாட்டியதென்னவோ தங்கையின் படத்தைத்தான்.

“நல்லாத்தான் வந்திருக்கு” என்றாள் அக்கா.