அத்தா உட்கார்ந்திருந்த மாலைகள்

நனைந்த கயிறு கைக்குள் சொரசொரவென்று இருந்ததும், முடிச்சு தளர்ந்ததும் படகு மெல்லப் பின்வாங்கியதும், அடுத்து என்ன ஆகும் என்ற ஆவல் மட்டும் உடம்பெல்லாம் நிறைந்திருந்ததும் எனக்கு இன்றும் நினைவில் இருக்கின்றன. கட்டுமாவடிக் கரையில், நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், முருகேசன் அண்ணனின் நாட்டுப்படகை அவிழ்த்துவிட்டேன். ஆளில்லாத படகு தன்பாட்டுக்கு மிதந்து போக, கரையிலிருந்தவர்கள் நீந்திப் போய் அதை இழுத்து வந்தார்கள்.

சாயங்காலம் முருகேசன் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க பாய். ஒங்க மக கயித்த அவுத்து விட்டுருச்சு. புள்ள உள்ள ஏறியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

சவூதியிலிருந்து விடுப்பில் வந்திருந்த என் தகப்பனார், நாங்கள் "அத்தா" என்று அழைப்பவர், ஏன் அப்படிச் செய்தாய் என்று என்னைக் கேட்டார். "என்னாகும்னு பாத்தேன்" என்றேன். உண்மை அதுதான். அவருடைய அண்ணன், எங்கள் பெரியத்தா, கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"திமிரப் பாரு. பொம்பளப் புள்ளைக்கு இது ஆகுமா? ஹாஸ்டல்ல கொண்டு போய்ப் போடு, தானா அடங்கிருவா."

தெருவில் எனக்கு "கால்ல சக்கரம் கட்டுனவ" என்று பெயர். வகுப்பில் பெஞ்சில் இருப்பதைவிட எழுந்து நிற்பதே அதிகம். பென்சில், டிபன் பாக்ஸ், ஒருமுறை செருப்பு என்று எதையாவது தொலைத்துவிட்டு வருவேன். அம்மா கத்திக் கத்தித் தொண்டை கட்டி, கடைசியில் பேச்சையே குறைத்திருந்தாள். ஹாஸ்டல் என்ற சொல்லுக்கு அவள் மறுப்புச் சொல்லாதது, ஓங்கிய கையைவிட என்னைப் பயமுறுத்தியது.

ஆனால் என் வகுப்பு டீச்சர் முன்பே அம்மாவிடம் ஒரு மருத்துவரைப் பற்றிச் சொல்லியிருந்தார். அத்தா அதைக் கேட்டுக்கொண்டு, ஹாஸ்டல் பேச்சை ஒத்திவைத்துவிட்டு, எங்கள் இருவரையும் பஸ்ஸில் புதுக்கோட்டைக்கு அழைத்துப் போனார். குழந்தைகளின் மனநலம் பார்க்கும் அந்தப் பெண் மருத்துவர் நெடுநேரம் என்னோடு பேசிவிட்டு, எனக்கு இருப்பது கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த ஒரு நிலை, ஏடிஹெச்டி என்பார்கள் என்றார்.

"இவ வேணும்னு பண்ணலங்க. நெனைக்கிறதுக்கும் செய்யிறதுக்கும் நடுவுல நமக்கெல்லாம் ஒரு நொடி கெடைக்குது. இவளுக்கு அது கெடைக்கல. அடிச்சா அந்த நொடி வந்துடாது."

அம்மா அழுதாள். "அப்ப நான் வளத்த வளப்புல தப்பு இல்லையா டாக்டர்?" என்று அவள் கேட்ட குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இல்லவே இல்லை என்றார் மருத்துவர். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்ல வேண்டும், உட்கார வைக்கும் முன் ஓடவிட வேண்டும், செய்து முடித்ததை அப்போதே பாராட்ட வேண்டும், படிக்கும்போது யாராவது பக்கத்தில் சும்மா இருந்தால் நல்லது என்றார். சில மாதங்கள் கழித்து ஒரு மாத்திரையும் சேர்ந்தது.

அந்த விடுப்பு முழுவதும் அத்தா என்னைப் படித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் "பையை எடு, தண்ணி புடி, கதவச் சாத்து" என்று தூரத்திலிருந்து அடுக்குவார். முதல் சொல்லிலேயே நான் தொலைந்துபோவேன். இப்போது பக்கத்தில் வந்து, தோளில் கை வைத்து, நான் திரும்பிப் பார்க்கும் வரை காத்திருந்து, ஒன்றே ஒன்றைச் சொன்னார். சாயங்காலம் கரையோரமாக என்னோடு ஓடினார். மூச்சு வாங்கினாலும் நிற்க மாட்டார். பொறுமை போய் ஒருநாள் என் புத்தகத்தைத் தூக்கி எறிந்தார். பிறகு குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "அத்தாவுக்கும் அந்த நொடி கெடைக்கலம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி என் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று நான் வீட்டுப்பாடத்தை முழுதாக முடித்தேன்.

விடுப்பு முடிந்து அவர் விமானம் ஏறிய பிறகு எல்லாம் பழையபடி சரிந்தது. அம்மா பாவம், என் பக்கத்தில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே அடுப்பு கூப்பிடும். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஹாஸ்டல் பேச்சும் மறுபடி வந்தது. அம்மா போனில் அத்தாவிடம் இதைச் சொன்னாள். மறுநாள் சாயங்காலம், அவர் வேலை முடிந்து அறைக்குத் திரும்பியதும், வீடியோ காலில் வந்தார்.

"கணக்கு நோட்ட எடும்மா. அத்தா இங்கிட்டு வெங்காயம் உரிக்கிறேன், நீ அங்கிட்டு கணக்குப் போடு. பேச வேணாம்."

போனை அரிசிப் பையில் சாய்த்து வைத்திருப்பார். பின்னால் கட்டிலும் காயப்போட்ட சட்டைகளும் தெரியும். கூட இருப்பவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் எழுதுவதை நிறுத்தினால் கத்தியால் தட்டில் "டக்" என்று ஒரு தட்டு. அவ்வளவுதான், திட்டு கிடையாது. முடித்துவிட்டு நோட்டைத் தூக்கிக் காட்டினால் ஈரக் கண்ணோடு சிரிப்பார். வெங்காயத்தால் என்றுதான் அப்போது நினைத்தேன். அப்படியே நான் ஐந்தாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் தாண்டினேன். பெரியத்தா ஹாஸ்டலை மறந்துபோனார்.

அத்தா ஒரேயடியாக ஊர் திரும்பிய மறுவருடமே காலமானார். என் உறவுக்காரப் பெண்கள் தங்கள் தகப்பனார்கள் அனுப்பிய குரல் பதிவுகளைப் போட்டுப் போட்டுக் கேட்கிறார்கள். எனக்குப் போட்டுக் கேட்க எதுவும் இல்லை. எங்கள் மாலைகளில் பேச்சே இருந்ததில்லை.

இப்போது திருச்சியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சில சாயங்காலங்களில் கை ஓடாதபோது, அடுத்த மேசைப் பெண்ணிடம், "கொஞ்ச நேரம் இங்க உக்காருங்களேன், பேச வேணாம்" என்பேன். நல்ல பெண், காரணம் கேட்காமல் உட்காருகிறாள். வேலையும் முடிந்துவிடுகிறது. முடித்துவிட்டு நிமிரும்போது அவள் தன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது இயல்புதான். அத்தா என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்.