அன்னாசியின் தங்கை

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஊரைவிட்டுக் குளிர்நாட்டுக்கு வந்து, வோபர்னில் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தோம். மனைவிக்கு ஏழாம் மாதம். வின்ரர் தொடங்கியதிலிருந்து அவளுக்கு இருமல். இருமும்போதெல்லாம் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். ஊரில் இடம்பெயர்ந்து ஓடிய நாளில் முதல் பிள்ளையை வயிற்றிலேயே இழந்தவள். எனக்கும் பயம்தான், சொல்லத்தான் இல்லை.

டொக்டர் சோதித்துவிட்டு, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, இந்த நிலையில் மருந்து வேண்டாம், தானாக மாறும் என்றார். தானாக! மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் கொடுத்தேன். தொலைபேசியில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். இருமல் ஒருவர் சொல்லையும் கேட்கவில்லை. அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் எக்குவடோர் மலைநாட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். இருமலைக் கேட்டுக் கேட்டுப் பொறுக்காமல் ஒருநாள் சாடியோடு வந்துவிட்டாள். சாடிக்குள் ஒரு மரத்துண்டு, அதைப் பற்றிக்கொண்டு ஒரு செடி. சாம்பல் பூத்த நீள இலைகள், நடுவில் சிவப்புத் தண்டு. வேருக்கு அல்ல, இலைகளின் நடுக்குழிக்குத்தான் தண்ணீர் விடவேண்டுமாம். அவர்களுடைய மலையில் இலையை அவித்து இருமலுக்குக் குடிப்பார்களாம், அரைத்துப் புண்ணுக்குக் கட்டுவார்களாம். அவளுடைய அரை இங்கிலீசிலும் என்னுடைய கால் இங்கிலீசிலும் இவ்வளவும் விளங்கியது.

மனைவி தயங்குவதைக் கண்டதும் அவள் ஓடிப்போய் ஒரு அன்னாசி ரின்னைக் கொண்டுவந்து படத்தைக் காட்டினாள். பயப்படாதே, இது அதற்குத் தங்கச்சி என்றாள்.

வினை அந்த இடத்தில்தான் வந்தது. எங்கள் ஆட்கள் பிள்ளைத்தாச்சிக்கு அன்னாசியைக் கண்ணிலும் காட்டமாட்டார்கள். கரு கலைந்துவிடும் என்று பயம்.

அவள் போனதும் மனைவி, "இஞ்சேருங்கோ, உதை வெளியில கொண்டுபோங்கோ," என்றாள்.

"பாவம், ஆசையாக் கொண்டுவந்தவ. என்னெண்டு திருப்பிக் குடுக்கிறது?"

"அப்ப நீங்களே வச்சிருங்கோ. நான் தொடமாட்டன்."

செடி ஜன்னலோரம் ஏறியது. நான் ஒழுங்காகக் குழியில் தண்ணீர் விட்டேன். இதெல்லாம் வெறும் பயம் என்று சொல்ல வாய் உன்னும். சொல்லி, குடித்து, ஏதாவது நடந்துவிட்டால்? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அடுத்த கிழமை பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். ஒரு இலைகூடக் குறையாததைப் பார்த்தாள். நேரே எங்கள் குசினிக்குப் போய், இலைகளை நறுக்கி அவித்து, கோப்பையில் வார்த்தாள். தான் ஒரு மிடறு குடித்துக் காட்டிவிட்டு மனைவியிடம் நீட்டினாள். மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. கோப்பையை வாங்கவும் முடியவில்லை, அந்த முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

"நீங்கள் வாங்குங்கோ," என்றாள் என்னிடம், இருமலுக்கு நடுவில்.

வாங்கினேன். ஒரே கசப்பு. அந்தப் பெண் பார்த்துக்கொண்டு நிற்க, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். இருமாத என் தொண்டைக்குள் மருந்து இறங்கியது. மனைவி பக்கத்தில் வயிற்றைப் பிடித்தபடி இருமிக்கொண்டிருந்தாள்.