பூண்டுச் சாறு ஒட்டாத பயிர்

பாறையைப் பிளந்து கிணறு வெட்டியவன் நான். கள்ளிக்காட்டை நெல்வயலாக்கினேன், மாடி வீடும் கட்டினேன். படித்தது இரண்டாம் வகுப்பு. அப்பேர்ப்பட்ட என்னை இலைச்சுருட்டுப் புழு மலையேற வைத்துவிட்டது.

மூடுபனியில் பாதை தெரியாமல் பழனி பஸ் வடகவுஞ்சி மலைக்கிராமத்தில் நிற்கிறது. மரங்கள் வேரில்லாமல் மிதக்கின்றன. டீக்கடையில், இன்னும் மேலே இருக்கும் கிளாவரை ஊர்க்காரி ஒருத்தி பூண்டு மூட்டையோடு உட்கார்ந்திருக்கிறாள். அந்த வாசத்தில் எனக்குக் கண் சொக்குகிறது.

"விஷ மருந்து தொடமாட்டேன் தாயி. இஞ்சி, பூண்டு, மிளகா அரைச்சு நெல்லுக்கு அடிச்சேன். புழு அசையல. மலைப்பூண்டு வாங்கத்தான் வந்தேன்."

"பயிருக்கு ரசம் வச்சிருக்கீங்க!" என்று சிரிக்கிறாள். "சோப்புத்தண்ணி கலந்தீங்களா?"

"அது எதுக்கு?"

பக்கத்துச் சேம்பு இலையைச் சுண்டுகிறாள். பனித்துளி முத்தாக உருண்டு விழுகிறது.

"எங்க கோசு இலையும், உங்க நெல்லும் இப்படித்தான்யா. சோப்பு இல்லாம சாறு ஒட்டாது. பூண்டு மேல பழி போடாதீங்க."

என் வயல் முழுக்க முத்துகள் உருண்டோடுவது பனிக்குள் தெரிகிறது.

பயிர் பிழைத்தால், சோப்பு அவள் சொன்னது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரைத்தவன் நான், கை எரிந்தவன் நான். ஊரில் இந்த மருந்தைப் பற்றி யார் சொன்னாலும் என் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.